கேலிப்பரை எங்கே வைப்பது?

2015இல் ஒரு மதியம். மார்பகப் புற்றுநோய்க்கு ட்ராஸ்டுஸுமாப் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்கள் எக்கோ அறைக்கு, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் படம் எடுக்கும் அறைக்கு, வந்தார். கையில் இரண்டு ரிப்போர்ட். முதலாவது, சிகிச்சை தொடங்கும் முன் நான் எடுத்தது: ஈ.எஃப் 61. இன்னொன்று, மூன்று மாதம் கழித்து வேறொரு லேபில் எடுத்தது: 50. ஈ.எஃப் என்பது இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை விழுக்காட்டை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. அது பத்துப் புள்ளிக்கு மேல் இறங்கி 53க்குக் கீழே போய், மறுபடி எடுத்த படத்திலும் அப்படியே இருந்தால், மருந்து இதயத்தைத் தொட்டுவிட்டது என்று கொள்ளலாம். 2014இல் வந்த வழிகாட்டி நெறி அப்போது அப்படித்தான் சொன்னது. இவருக்கு மறு படம் எடுக்கவில்லை. மருந்தை நிறுத்தி ஏழு வாரம் ஆகியிருந்தது.

படுக்கையில் சாய்ந்தபடி அவர் கேட்டார்: "மருந்த நிறுத்திட்டாங்களே, கட்டி திரும்ப வந்துடுமாம்மா?"

பதில் சொல்லாமல், ஒலி அலை அனுப்பும் புரோபை மார்பில் வைத்தேன். 54 வந்தது. பிறகு என்னுடைய பழைய படத்தைத் திறந்து பார்த்தேன். பார்த்ததும் வயிற்றில் ஏதோ இறங்கியது. நான் எடுத்த நான்கு அறைக் காட்சியில் இதயத்தின் உச்சி இல்லை. புரோப் ஒரு விலா இடைவெளி மேலே இருந்திருக்கிறது. கீழறை குறுக்கே வெட்டுப்பட்டு, முனை உருண்டையாக, தடித்து, உள்நோக்கித் துள்ளிக்கொண்டிருந்தது. உண்மையான உச்சி மெல்லியதாக இருக்கும், அதிகம் நகராது. இப்படிக் குறுகிய படத்தில் கொள்ளளவு குறைவாகவும் ஈ.எஃப் கூடுதலாகவும் வரும். உச்சி ஓரளவு தெரிந்த துடிப்புகளை மட்டும் எடுத்து மறுபடி வரைந்தேன். 56. அந்த அம்மாவின் இதயம் பெரிதாக எங்கும் இறங்கவில்லை. இறங்கியதுபோலக் காட்டியது என்னுடைய 61தான்.

மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை, படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சிகிச்சை மறுபடி தொடங்கியது. அந்த ஏழு வாரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. எங்கள் எக்கோ சங்கத்தின் கூட்டத்துக்கு நான் முதன்முறையாகப் போனது அடுத்த மாதம்.

அப்போது சங்கம் என்றால் ஆண்டுக்கு ஒரு மாநாடு, சில பெரிய உரைகள், ஒரு குழுப் படம், அவ்வளவுதான். உறுப்பினர்கள் பெரும்பாலும் இதய மருத்துவர்கள். என்னைப் போன்ற எக்கோ டெக்னீஷியன்கள் கடைசி வரிசையில் உட்காரலாம், ஓட்டு கிடையாது. உரைகள் நன்றாகவே இருந்தன. ஆனால் நான் அங்கே போனது ஒரே ஒரு கேள்வியோடு: நான் தவறாக எடுத்தால் எனக்கு எப்படித் தெரியும்? லேபில் தனியாக வேலை செய்கிறவருக்கு இதைச் சொல்ல ஆள் கிடையாது. ரிப்போர்ட்டில் எண் அச்சாகிவிட்டால் அது உண்மை ஆகிவிடுகிறது.

மாநாட்டு இடைவேளையில் ஒரு மூத்த மருத்துவரிடம் இதைக் கேட்டேன். அவர் சொன்ன பழைய கதைதான் எங்கள் சங்கத்தின் போக்கையே மாற்றியது என்பேன்.

1953 அக்டோபர் 29 அன்று ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் (Inge Edler) என்ற மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், உலோகத்தில் விரிசல் தேடுகிற கருவியைக் கொண்டு துடிக்கும் இதயத்திலிருந்து எதிரொலியைப் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் ஹார்வி ஃபைகன்பாம் 1960களில் இதைக் கையில் எடுத்தார். மருத்துவர் அல்லாதவர்களுக்கும் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். 1968இல் இண்டியானாபொலிஸில் எக்கோவுக்கென்றே பாட வகுப்பு நடத்தினார். 1975இல் அமெரிக்க எக்கோகார்டியோகிராஃபி சங்கம் பிறந்தது, அவர்தான் முதல் தலைவர். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எனக்குத் தெரியாதிருந்தது அடுத்தது.

சங்கம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஐந்து எம்-மோட் பதிவுகள், அதாவது இதயச் சுவர்களின் அசைவைக் கோடுகளாகக் காட்டும் எக்கோ. எல்லாம் அளக்கத் தகுந்த தரமுள்ள படங்கள். அவற்றை 400 பேருக்கு அனுப்பி, பெயர் போடாமல் அளந்து திருப்பி அனுப்பச் சொன்னார்கள். 76 பேர்தான் அனுப்பினார்கள், நூற்றுக்கு 19. ஒரே படத்தை ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரி அளந்திருந்தார்கள். சுவரின் கோட்டில் கேலிப்பரை, அதாவது படத்தில் தூரம் அளக்க வைக்கும் குறியை, எந்த விளிம்பிலிருந்து எந்த விளிம்பு வரை வைப்பது என்பதிலேயே உடன்பாடு இல்லை. 1978இல் அந்த முடிவுகளை வெளியிட்டு, முன்விளிம்பிலிருந்து முன்விளிம்புவரை அளக்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். உலகமெங்கும் அது நடைமுறையானது.

"சங்கம்னா மாநாடு இல்லம்மா," என்றார் அவர். "கேலிப்பர எங்க வைக்கிறதுன்னு ஒத்துக்கிறது."

நாங்களும் ஐந்து கிளிப்புகளில், அதாவது சிறு எக்கோ வீடியோக்களில், தொடங்கினோம். நானும் இன்னொரு டெக்னீஷியனும் இரண்டு இளம் மருத்துவர்களும் சேர்ந்து, நோயாளியின் பெயர், எண், தேதி எல்லாம் நீக்கி, நாற்பது பேருக்கு அனுப்பினோம். ஒன்பது பேர் பதில் அனுப்பினார்கள். மனம் விட்டுப்போனது. பிறகுதான் உறைத்தது, பதில் தாளில் பெயரும் பணியிடமும் கேட்டிருந்தோம். யார் முன்வந்து தன் தவறைக் கையெழுத்திட்டுக் கொடுப்பார்கள்? 1978இலேயே பெயர் கேட்காமல் செய்த வேலை அது. அடுத்த முறை ஒவ்வொருவருக்கும் அவர் மட்டும் அறிந்த ஓர் எண் கொடுத்தோம். இருபத்தாறு பதில்கள் வந்தன.

இதைத் தங்கள் ஊரில் செய்ய நினைக்கிறவர்களுக்கு இந்த ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்வேன்: முதலில் பயத்தை எடுங்கள். பாடம், சான்றிதழ், மேடை எல்லாம் பிறகு. இன்னொன்று, விடைக்குப் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு கட்டம் வையுங்கள். எண்ணை மட்டும் கேட்டால் வேறுபாடு இருக்கிறது என்று தெரியும். எதனால் என்று தெரியாது. அப்புறம், முடிவுகளை ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். முதல் ஆண்டில் நாங்கள் இரண்டு மாதம் இழுத்தோம். அதற்குள் யாருக்கும் அந்தப் படமே நினைவில் இல்லை.

இரண்டாம் சுற்றில் வந்த ஒரு படம் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. பெருந்தமனி வால்வு சுருங்கிய முதியவர் ஒருவருடையது. வால்வின் பரப்பைக் கணக்கிட, அதற்குக் கீழே இடது கீழறையின் வெளிவாயில் விட்டத்தை அளக்க வேண்டும். எங்கள் ஆட்கள் 1.8 முதல் 2.1 சென்டிமீட்டர் வரை அளந்திருந்தார்கள். மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் விட்டம் சூத்திரத்தில் இருமடியாகப் போகிறது. இரத்த ஓட்டத்தின் வேகத்தைக் காட்டும் டாப்ளர் தடத்தின் பரப்பு வெளிவாயிலில் 20, வால்வில் 62. விட்டம் 1.8 என்றால் வால்வுப் பரப்பு 0.82 சதுர சென்டிமீட்டர். 2.1 என்றால் 1.12. ஒன்றுக்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம். ஆக, ஒரே மனிதர், ஒரே படம். ஒரு டெக்னீஷியன் கையில் அவர் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச வேண்டியவர், இன்னொருவர் கையில் அடுத்த ஆண்டு வந்து பார்க்க வேண்டியவர்.

அன்று மூன்று மணி நேரம் அந்த ஒரு படத்தையே வைத்துப் பேசினோம். படத்தைப் பெரிதாக்கி அளந்தவர்கள் ஏறக்குறைய ஒத்துப்போனார்கள். முழுத்திரைக் காட்சியிலேயே கோடு போட்டவர்கள்தான் சிதறினார்கள். கால்சியத்தைச் சுவர் என்று எண்ணியவர்கள் குறைவாக அளந்திருந்தார்கள். இன்னொன்றும் அன்று வெளியே வந்தது: படுக்கையில் வலப்புறம் திருப்பி, மார்பெலும்பின் வலது ஓரத்திலிருந்து பென்சில் போன்ற சிறு புரோபால் இரத்தத்தின் வேகம் பார்க்கும் வழக்கம் எங்களில் பாதிப் பேரிடம் இல்லை. உச்சியிலிருந்து மட்டும் பார்த்தால் நொடிக்கு 3.6 மீட்டர் காட்டுகிற வால்வு, அங்கிருந்து பார்த்தால் 4.2 காட்டலாம். கடுமையானது என்ற எல்லைக்கோடு 4. அன்று முதல் நான் அந்த இடத்தை ஒரு நோயாளியிடமும் விட்டதில்லை.

அப்படிப்பட்ட மாலைகள்தான் சங்கத்தை வளர்த்தன. ஆள் சேர்க்கும் இயக்கம் எதுவும் நடத்தவில்லை. வந்தவர் அடுத்த முறை தன் லேபிலிருந்து இன்னொருவரைக் கூட்டி வந்தார். நான்கு ஆண்டில் டெக்னீஷியன்கள் மருத்துவர்களைவிட எண்ணிக்கையில் கூடிவிட்டோம். அப்போது ஓட்டுரிமைப் பிரச்சினை வந்தது.

அது கசப்பான காலம். "நாங்க ஆரம்பிச்ச சங்கம், நீங்க வந்து நடத்தறதா?" என்று ஒரு மூத்தவர் கூட்டத்தில் வெளிப்படையாகவே கேட்டார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, அன்றும் இருந்தது. நான் எழுந்து பேசியபோது கை நடுங்கியது. "சார், படத்த எடுக்கிறது நாங்க. தப்பு நடந்தா அது எங்க கையில நடக்குது. திருத்தற இடத்துல எங்களுக்குப் பேச்சு வேணும்" என்றேன். அது 2019. அந்த ஆண்டுதான் பெரியவர்களுக்கான முழுமையான எக்கோவை எப்படி எடுக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சங்கத்தின் விரிவான நெறிமுறை வெளிவந்திருந்தது. அதன் முதல் ஆசிரியர் கேரல் மிட்செல், எங்களைப் போலப் புரோப் பிடிக்கும் சோனோகிராஃபர். அந்தத் தாளை ஓர் இளம் மருத்துவர் எடுத்து எல்லாருக்கும் காட்டினார். ஓட்டெடுப்பில் எங்களுக்கு உரிமை கிடைத்தது. எதிர்த்துப் பேசிய மூத்தவர் சங்கத்தை விட்டுப் போகவில்லை. அடுத்த சுற்றுக்குத் தன் பதில் தாளை முதல் ஆளாக அனுப்பினார். அவரது நேர்மையை அன்று புரிந்துகொண்டேன்.

பணத்தைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. கணக்கை ஆண்டுக்கு இரண்டு முறை எல்லா உறுப்பினருக்கும் அனுப்புங்கள். பயிற்சியில் இருப்பவர்களுக்குக் கட்டணத்தைப் பாதியாக்குங்கள். செயலாளர் பதவிக்கு இரண்டு ஆண்டு என்ற வரம்பு வையுங்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். கருவி நிறுவனங்களின் உதவியைப் பெறலாம். ஆனால் தலைப்பையும் பேச்சாளரையும் அவர்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. இதில் நாங்கள் ஒருமுறை வழுக்கினோம். பயிற்சி முகாமுக்கு ஒரு நிறுவனம் கருவியும் செலவும் கொடுத்தது. இதயத் தசை நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்று சொல்லும் ஸ்ட்ரெயின் அளவு பற்றிய வகுப்பு முழுக்க அந்தக் கருவியின் பெருமையாகவே ஓடியது. வந்த பிள்ளைகள் அந்த நிறுவனத்தின் எண்தான் இயல்பான எண் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

அது சரியல்ல என்பதற்குச் சான்று இருக்கிறது. ஸ்ட்ரெயின் அளவை ஒன்பது நிறுவனங்களின் மென்பொருள்களில் அளந்து, அமெரிக்க, ஐரோப்பியச் சங்கங்கள் கூட்டாக ஒப்பிட்டு 2015இல் வெளியிட்டன. நிறுவனத்துக்கு நிறுவனம் 3.7 புள்ளிவரை வேறுபாடு இருந்தது. ஒரு நோயாளியை இந்த மாதம் ஒரு கருவியிலும் அடுத்த மாதம் வேறொன்றிலும் பார்த்தால், நோய் மாறியதா கருவி மாறியதா என்று குழம்பத்தான் வேண்டும். அதனால் ரிப்போர்ட்டில் கருவியின் பெயரையும் மென்பொருள் பதிப்பையும் எழுதுவதை எங்கள் சங்கம் வழக்கமாக்கியது. சந்தையில் போட்டி போடும் நிறுவனங்களை ஒரே மேசைக்குக் கொண்டுவந்து உட்கார வைத்து, உங்கள் எண்கள் ஏன் ஒத்துவரவில்லை என்று கேட்க தனி மனிதரால் முடியாது. சங்கத்தால் முடியும்.

என் தோளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சங்கம் இல்லாவிட்டால் நான் இந்தத் தொழிலிலேயே இருந்திருக்க மாட்டேன். பதின்மூன்றாவது ஆண்டில் வலது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. நோயாளியின் உடலைச் சுற்றிக் கையை நீட்டி, புரோபை அழுத்திப் பிடித்து, கழுத்தைத் திரைப்பக்கம் திருப்பி, ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தேன். வலியைச் சொன்னால் வேலைக்கு லாயக்கில்லை என்பார்களோ என்று மறைத்தேன். ஒரு சந்திப்பில் என்னைவிட மூத்த அக்கா ஒருவர் எழுந்து, தன் தோள் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசினார். பிறகு வலி உள்ளவர்கள் கை தூக்கச் சொன்னார். தூக்க முடிந்தவர்கள் எல்லாரும் தூக்கினோம். சோனோகிராஃபர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வலியோடுதான் வேலை செய்கிறார்கள் என்று பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. எங்கள் அறையில் அது கண்ணெதிரே தெரிந்தது.

அதன் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டவை எளியவை: கை உடலிலிருந்து 30 பாகைக்கு மேல் விலகக் கூடாது. நோயாளியைப் படுக்கையின் விளிம்புவரை நகர்ந்து வரச் சொல்லத் தயங்கக் கூடாது. முழங்கைக்கு அடியில் சுருட்டிய துணியாவது வேண்டும். திரை கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். புரோபின் கம்பியின் எடை கையில் விழாமல் தாங்கல் கொடுக்க வேண்டும். இதைவிடப் பெரியது, ஒரு முழு எக்கோவுக்கு 45 முதல் 60 நிமிடம் வேண்டும் என்ற நெறியை நிர்வாகத்திடம் எடுத்துச் செல்ல எங்களுக்குச் சங்கத்தின் கடிதத்தாள் கிடைத்தது. நான் தனியாகக் கேட்டால் அது சோம்பல். சங்கம் கேட்டால் அது தர அளவு. எல்லா இடத்திலும் நேரம் கிடைத்துவிடவில்லை, ஆனால் எங்கள் லேபில் ஒரு நாளைய எண்ணிக்கை குறைந்தது. எனக்குக் கை திரும்பக் கிடைத்தது.

2020இல் பெருந்தொற்று வந்தபோது கூட்டங்கள் திரைக்கு மாறின. கிளிப் பார்க்கிற கூட்டத்துக்கு அது பொருந்திவந்தது. தொலைவில் ஒற்றை ஆளாக லேப் நடத்துகிறவர்கள் அப்போதுதான் முதன்முறையாக எங்களோடு சேர்ந்தார்கள். இழந்ததும் உண்டு. புரோபைப் பிடித்திருக்கும் விரலின்மேல் விரல் வைத்து "இன்னும் கொஞ்சம் கீழே, இப்போ சாய்" என்று சொல்லித்தருவது திரையில் நடக்காது. இன்று படம் பார்ப்பது இணையத்தில், கை பழகுவது நேரில் என்று பிரித்துவிட்டோம்.

உறுப்பினர் கூடுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நாங்கள், விலகுகிறவர்களைக் கவனிக்கத் தவறினோம். பதிவேட்டைப் புரட்டியபோது, பெரும்பாலோர் மூன்றாவது ஆண்டில் நின்றுபோயிருந்தது தெரிந்தது. ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்தோம். கட்டணம் காரணம் என்று நினைத்திருந்தோம். அவர்கள் சொன்னது வேறு: "எல்லாம் கத்துக்கிட்டேன் மேடம், இனி அங்க எனக்கு என்ன வேலை?" அவர்களுக்குத் தருவதற்கு எங்களிடம் பொறுப்பு எதுவும் இல்லாமல் இருந்தது. இப்போது மூன்றாம் ஆண்டு வந்தவரிடம் ஒரு சுற்றை நடத்தும் வேலையை ஒப்படைக்கிறோம்.

எதிர்காலம் என்று கேட்டால், எல்லாரும் செயற்கை நுண்ணறிவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நானும் பயந்தேன். 2023இல் வந்த ஓர் ஆய்வில், 3,495 எக்கோ பதிவுகளில் ஈ.எஃப்பின் முதல் மதிப்பீட்டைச் சிலவற்றுக்கு மென்பொருளும் சிலவற்றுக்குச் சோனோகிராஃபரும் செய்தார்கள். எது யாருடையது என்று தெரியாத இதய மருத்துவர்கள், மென்பொருளின் மதிப்பீட்டை 16.8 விழுக்காட்டில் கணிசமாக மாற்றினார்கள், சோனோகிராஃபருடையதை 27.2 விழுக்காட்டில். அதைப் படித்த இரவு எனக்கு அந்த அம்மாவின் 61தான் நினைவுக்கு வந்தது. கோடு வரைவதில் அது என்னைவிடச் சீராக இருக்கிறது என்றால், அந்த வேலையை அது செய்யட்டும் என்றே இப்போது நினைக்கிறேன். ஆனால் அந்த ஆய்வில் மென்பொருளுக்கும் கிடைத்தது, சோனோகிராஃபர் கைகள் எடுத்துக்கொடுத்த படங்கள்தான்.

சட்டைப்பையில் வைக்கும் எக்கோ கருவிகள் இன்னொரு கேள்வி. அவசரப் பிரிவு மருத்துவரும் செவிலியரும் இதயத்தைப் பார்க்கிறார்கள். எங்களில் சிலர் இதை எதிர்க்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வாதக்காய்ச்சலால் வால்வு கெட்டுப்போன குழந்தைகளைக் கண்டுபிடிக்க உலக இதயக் கூட்டமைப்பு 2012இல் எக்கோ அளவுகோல்களை வெளியிட்டது, 2023இல் புதுப்பித்தது. அந்தக் குழந்தைகள் இருக்கிற பள்ளிகளுக்கு எங்களில் எத்தனை பேர் போகப் போகிறோம்? போகிற செவிலியருக்குக் கற்றுக்கொடுப்பதும், எந்தப் படம் கிடைக்காவிட்டால் முழு எக்கோவுக்கு அனுப்ப வேண்டும் என்று அவரோடு சேர்ந்து வரையறுப்பதும்தான் சங்கத்தின் வேலை. சென்ற ஆண்டு செவிலியர்களுக்கு உறுப்பினர் பிரிவு தொடங்கினோம், ஓட்டோடு.

சென்ற மாதச் சுற்றில் ஐந்து கிளிப்புகளில் ஒன்றை நானே வைத்தேன். மென்பொருள் ஏற்கெனவே கோடு வரைந்து எண் போட்ட படம். கோடு அழகாக இருந்தது. ஈ.எஃப் 62. நான்கு அறைக் காட்சி, உச்சி வெட்டுப்பட்டது. மென்பொருள் வரைந்தது என்று சொல்லாமல் அனுப்பினேன். பெரும்பாலோர் 60இலிருந்து 63க்குள் எழுதியிருந்தார்கள். சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பெண் எண் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். 'ஏன்' கட்டத்தில் இரண்டே வரி: "முனை உருண்டையா இருக்கு, உள்ளே துள்ளுது. உச்சி வரல. இத அளக்க மாட்டேன், மறுபடி எடுக்கணும்."

பதில் தாளின் ரகசிய எண்ணை வைத்து அவள் யாரென்று கண்டுபிடிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. கூட்டத்தில் அவளே கை தூக்கினாள். அடுத்த சுற்றுக்கான ஐந்து படங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை மூன்று ஆண்டு காத்திருக்காமல் அவளிடம் கொடுத்திருக்கிறோம். 2015இன் என் பழைய படத்தை, பெயரெல்லாம் நீக்கி, அவளுக்கு அனுப்பியிருக்கிறேன்.